முதல் செடியில் ஓடுவதில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. துரை பங்களாவில் சும்மா கிடந்ததை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது. மடுல்சீமை மலைக் குளிரில், காலையில் அதன் கட்டைகளைத் தொட்டால் ஐஸைத் தொட்டது மாதிரி இருக்கும். ஞாயிறு ஆராதனைக்கு நான்தான் வாசிக்கிறேன். மற்ற நாட்களில் ஃபேக்டரி வேலைக்குப் போவதற்கு முன்னால் அரை மணி நேரம் பயிற்சி. யாரிடமும் போய்ப் படித்தவன் இல்லை, செல்போனில் வீடியோ பார்த்துப் பழகியவன். முதலில் விரல்களைத் தளர்த்துங்கள், மெதுவாக ஸ்கேல் வாசியுங்கள் என்று அதில் எல்லாரும் சொல்வார்கள். அந்த இடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பார்ப்பேன்.

வளர்ந்த விதம் அப்படி. தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவனுக்குப் பிந்துவது என்றாலே பயம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்திப் போனாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் பியானோவிலும் உட்கார்ந்த உடனே கஷ்டமான பாட்டைத்தான் பிடிப்பேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வலது கை மக்கர் செய்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் விறைத்து, மணிக்கட்டு வரை வலி. பதுளைக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். ஒரு வாரம் பியானோ பக்கமே போகாதே, அப்புறமும் இதே முரட்டு வாசிப்பு என்றால் மொத்தமாக விட வேண்டிவரும் என்றார். போதகர் நல்ல மனுஷர். கை சரியாகாவிட்டால் ஸ்பீக்கரில் போட்டுப் பாடிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார். ஃபேக்டரியில் என் இடத்தில் யாரும் நிற்கலாம். அந்தப் பியானோ ஸ்டூல் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

வாரம் முடிந்ததும் பியானோவுக்குப் போனேன். தேவாலயத்தைக் கூட்ட மனைவியும் கூட வந்தாள். அவள் கொழுந்து எடுப்பவள். நான் வழக்கம்போலக் கஷ்டமான பாட்டில் பாய்ந்ததைப் பார்த்து, விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"மொதச் செடியிலயே யாரும் ஓடமாட்டோம்ங்க. குளிருல வெரலு வெறச்சுப் போயிருக்கும். நாலு செடிக்கு மெதுவாத்தான் எடுப்போம். அப்புறம் கை தானா ஓடும்."

ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றி என் கைகளுக்கு நடுவில் கோப்பையை வைத்தாள். குடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. கல்யாணமான நாளிலிருந்து, காலையில் அவள் கோப்பையோடு வாசலில் நிற்பதைப் பார்த்து, ஒரு தேத்தண்ணி குடிக்க இவ்வளவு நேரமா என்று கேலி செய்திருக்கிறேன். அவள் கையைச் சூடாக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு நாள்கூட ஏனென்று நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து கோப்பை ஐந்து நிமிஷம், ஸ்கேல் ஐந்து நிமிஷம். கட்டை கட்டையாக ஏறி இறங்குவேன். வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

கிறிஸ்துமஸ் காலையில் நல்ல குளிர். வழியில் மழை பிடித்துக்கொண்டதால் கடைசி நிமிஷத்தில்தான் உள்ளே நுழைந்தேன். சபை உட்கார்ந்திருந்தது, ஆரம்பிக்கச் சொல்லிப் போதகர் தலையாட்டிவிட்டார். பிந்திவிட்டேன் என்ற பழைய பயத்தில் நேரே பாட்டுக்குப் பாயப் போனேன். முன் வரிசையில் இருந்த அவள், மடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக் காட்டினாள். அத்தனை பேருக்கு முன்னாலும் மெதுவாக ஸ்கேலை வாசித்தேன். ஏதோ புதுப் பாட்டு என்று நினைத்துச் சபை முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே பாட்டுக்குள் நுழைந்தேன். கடைசிப் பாட்டு வரைக்கும் கை என்னைக் கைவிடவில்லை.

கர்த்தருக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் அவளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இப்போது காலையில் தேத்தண்ணி ஊற்றுவது நான்தான். கோப்பை ஆறும் வரை அவள் பக்கத்திலேயே நிற்பேன். அவளுடைய வலது ஆள்காட்டி விரல் இப்போதெல்லாம் முழுதாக நிமிர்வதில்லை. அதைத்தான் முதலில் நீவிவிடுகிறேன்.