பதினெட்டு குழி

அப்பா மறைந்து ஓராண்டு ஆகும் இந்த நாளில், எங்களுடன் அமர்ந்து உணவருந்த வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படிப்பட்ட நினைவு மலர்களில் இறந்தவரைக் குறையே இல்லாதவராக எழுதுவார்கள். அப்பா அவற்றைப் படித்துவிட்டுச் சிரிப்பார். இந்த மலர் நம் ஊரில் பல வீடுகளுக்குப் போகப்போகிறது. நடந்ததெல்லாம் தெரிந்தவர்களிடம் பூசி மெழுகிப் பயனில்லை என்பதால், மகளாக எனக்குத் தெரிந்த அப்பாவையே எழுதுகிறேன்.

வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் நம் ஊரில், விவசாயக் குடும்பத்தில் இளைய பிள்ளையாக அப்பா பிறந்தார். தாத்தா சீக்கிரமே தவறிவிட்டார். பெரியப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். அதனால்தான் அப்பாவால் காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்துப் பொறியாளராக முடிந்தது. இதை அப்பா சொல்லாத நாளில்லை.

வேலை வடக்கே கிடைத்தது, கோல்ஃப் மைதானங்கள் அமைக்கும் நிறுவனத்தில். அந்த ஆட்டத்தை நம் பக்கத்தில் அப்போது யாரும் பார்த்ததுகூடக் கிடையாது. சின்னப் பந்தை மட்டையால் அடித்துக்கொண்டே போய்த் தரையில் இருக்கும் ஒரு துளையில் விழவைக்க வேண்டும். ஒரு முழு மைதானத்துக்குப் பதினெட்டு துளைகள், ஒவ்வொரு துளைக்கும் பல வயல்கள் நீளத்துக்குப் புல்வெளி தேவைப்படும். எங்கே மேடு, எங்கே மணற்பள்ளம், எங்கே தண்ணீர் என்று நிலத்தைப் பார்த்து வரைந்து கொடுப்பதுதான் அப்பாவின் தொழில். வெள்ளைக்காரர்களே செய்துவந்த அந்த வேலைக்கு நம்மவர்கள் வரத் தொடங்கிய காலம் அது. அவருடைய கல்யாணப் பத்திரிகையில் தொழிலை எப்படிப் போடுவதென்று தெரியாமல் ‘இன்ஜினியர்’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள், அப்பா வெளியே ஓடுவார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் ஒரு கோடுகூடப் போட மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. அவற்றின் வெளிநாட்டு அதிகாரிகளுக்காக ஒரு நிறுவனம் கோல்ஃப் மைதானம் கட்ட முடிவு செய்து, முழுப் பொறுப்பையும் அப்பாவிடம் கொடுத்தது. முதன்முதலாக அவருக்கே அவருக்கென்று ஒரு மைதானம். நிலம் எங்கே வாங்கலாம் என்று கேட்டபோது அவர் நம் ஊரைக் காட்டினார். ஊருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்று அப்பா ஊர்ப் பேச்சிலேயே பேசினார். “பதினெட்டு குழி, அவ்ளோதான். பந்து வுழுறதுக்கு. சுத்தி கீற எடமெல்லாம் பச்சையா அப்படியே இருக்கும்.”

பெரியப்பா எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “பதினெட்டு குழிதானே. நம்ம தம்பி கேக்குறான். இன்னா பெருசா பூடப்போவுது?”

நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். குழி என்பது நம் பக்கத்து நில அளவு. நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. பதினெட்டு குழியில் ஒரு வீடும் மாட்டுக்கொட்டகையும் வைக்கோல்போரும் போட்டால் இடம் தீர்ந்துவிடும். சிறு வயதிலேயே விடுதிக்குப் போன அப்பாவின் காதில் குழி என்றால் துளைதான். ஆங்கிலத்திலேயே சொல்லியிருந்தால் ‘அப்டீன்னா இன்னாப்பா’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். தமிழில் சொன்னதால் யாரும் கேட்கவில்லை. எடுப்பது பதினெட்டு குழிதான், ஆனால் எல்லா நிலத்தையும் சேர்த்து எழுதினால்தான் பதிவாகும் என்று நிறுவனத்தின் தரகர் சொன்னதையும் நம்பி, அப்பாவின் முகத்துக்காகக் கைநாட்டும் கையெழுத்தும் போட்டார்கள்.

வேலி போட்ட அன்று பெரியப்பா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். “இன்னாடா, பதினெட்டு குழின்னு சொன்னியே. எங்கெணறே வேலிக்குள்ள கீது?”

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. “அண்ணே, குழின்னா… ஓட்டைண்ணே. பந்து வுழுற ஓட்டை.”

“ஓட்டையா” என்றார் பெரியப்பா. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் இறங்கிப் போனார். அதன்பின் அவர் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

அப்பா நிறுவனத்தோடு சண்டை போட்டார். பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்பது துளையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று புதிதாக வரைந்தும் கொடுத்தார். யாரும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வேலையை விட்டுவிடச் சொல்லி அம்மா கெஞ்சினார். “நான் பூட்டா வேற ஒருத்தன் வருவான். ஏரிக்குத் தண்ணி போற கால்வாய மூடிடுவான்” என்றார் அப்பா. கால்வாயை மூடாமல் அதை ஒட்டியே புல்வெளியை வளைத்து மைதானத்தை முடித்தார். அது தியாகமா பிழைப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஊர் அப்பாவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தியது. சுங்குவார்சத்திரம் டீக்கடையில் அவர் உட்கார்ந்தால், ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நம் ஊர்ப் பையன்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். காணிக்கணக்கில் நிலம் வைத்திருந்த பெரியப்பாவின் மகன் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் கூலியாக லைனில் நின்றார்.

சில வருடங்களில் நிலத்தின் விலை ஏறியதும் நிறுவனம் மைதானத்தை விற்றுவிட்டது. கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்காக, அப்பா வரைந்த மேடுகளையெல்லாம் இயந்திரங்கள் தட்டையாக்கின. கால்வாயும் மண்ணுக்குள் போனது. அடுத்த மழையில் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. அப்பா ஒரே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. அவருக்குப் பிழைக்கும் ஆசையும் இல்லை.

கடைசி மாதங்களில் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே, “அண்ணன் வந்தாரா?” என்பார். அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பினார். பெரியப்பா வரவில்லை. கேட்டுக்கொண்டே அப்பா போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். பங்காளிகளில் மூத்தவர் முதல் மண்வெட்டி போட்ட பிறகே மற்றவர்கள் குழி வெட்ட வேண்டும். ஏரிக்கரை இடுகாட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாராவது போடட்டும் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது பெரியப்பா தன் சொந்த மண்வெட்டியோடு கரைமேல் நடந்து வந்தார். நேராகப் போய் முதல் வெட்டைப் போட்டார். அதோடு நிறுத்தவில்லை. இளைஞர்கள் கை நீட்டியபோது தள்ளிவிட்டார். காய்ந்து கிடந்த அந்த மண்ணை, அந்த வயதில், முழுவதும் தானே வெட்டினார்.

மேலே ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, குழியைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார். “பதினெட்டு குழி கேட்டாம்மா. ஒரு குழிகூட ஆவலியே இவனுக்கு.”

அப்பாவை அலுப்பில்லாமல் மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரத் தம்பிக்கும், அம்மாவைத் தனியே விடாமல் துணையிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பகையை மறந்து பாடைக்குத் தோள் கொடுத்த நம் ஊர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வயதும் இல்லை, வார்த்தையும் இல்லை. அவர் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இந்த மலரை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன்.

அண்ணன் வந்தார், அப்பா. மன்னித்தாரா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. வந்தார்.