பூட்டிய போன்களும் என் மூலை மேசையும்

போன் திருத்துகிற மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்களில் ஒருவர்கூட இதுவரை "நான்தான் கெடுத்தேன்" என்று சொன்னதில்லை. எல்லாப் போனும் சும்மாதான் இருந்தது, தானாகவே நின்றுபோனது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள், உங்கள் வீட்டில் எல்லாருடைய போனையும் நீங்கள்தான் பார்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால், நீங்களும் நம் ஆள்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்த காலத்தில், அந்த வீட்டுப் பிள்ளைகள் தூக்கிப் போட்ட போன்களை வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்து இந்த வேலையைப் பழகினேன். இப்போது பதுளை டவுனில் ஜமால் நானாவின் போன் கடையில் ஒரு மூலை மேசை எனக்கு. பழைய சொஃப்ட்வெயாரை அழித்துப் புதிதை ஏற்றுவது, கம்பனி தராத வெர்ஷனை எப்படியாவது உள்ளே புகுத்துவது, மறந்துபோன லொக்கைத் திறப்பது, இவைதான் வேலை. பிரஷர் மாத்திரை என் சொந்தச் செலவு.

கரண்ட் போன நேரம்

ஒரு முன்பள்ளி டீச்சர் தன்னுடைய அண்ட்ரொய்ட் போனைக் கொண்டுவந்தார். கூட வேலை செய்கிற டீச்சரின் போனில் புது வெர்ஷன் இருக்கிறதாம், தனக்கும் அதேதான் வேண்டுமாம். "இந்த மொடலுக்குக் கம்பனி அதைத் தரவில்லை டீச்சர், வெளியாட்கள் செய்ததைத்தான் போட வேண்டும், அதில் ஆபத்து இருக்கிறது" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே. பழைய கம்பியூட்டரில் போனைச் சொருகி ஏற்றத் தொடங்கினேன். பச்சைக் கோடு முக்கால்வாசி வந்திருக்கும். வெளியே ஓர் இடி. கடைத்தெரு முழுக்க இருட்டு. கரண்ட் திரும்பி வந்தபோது கம்பியூட்டர் எழும்பியது, போன் எழும்பவில்லை. கறுப்புக் கல் மாதிரிக் கிடந்தது.

நானா அலுமாரியைத் திறந்து, டீச்சருக்கு வேறொரு போனை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். டீச்சர் படியிறங்கும்வரை சிரித்த முகமாகவே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொரு போன் இந்த மேசையில மௌத்தாச்சுண்டா, மேசையத் தூக்கிட்டு சார்ஜர் ஸ்டேண்ட் வெப்பேன் தங்கச்சி, செல்லிட்டேன்."

விரல் இல்லாத போன்

இந்த நிலைமையில்தான் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லெட்சுமி வந்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து வெடித்த விரல்களை எந்தப் போனும் விரல் என்று ஒத்துக்கொள்வதில்லை. ஐபோனில் வைத்தாலும் சரி, அண்ட்ரொய்டில் வைத்தாலும் சரி, "மறுபடி வையுங்கள்" என்றே சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒற்றுமை. அதனால் தோட்டத்தில் பல வீடுகளில் பிள்ளையின் விரலைத்தான் பதிந்து வைத்திருப்பார்கள். லெட்சுமியும் மகன் ரவியின் விரலைத்தான் பதிந்திருந்தார். விரலுக்கு மாற்றாகப் புள்ளிகளை இணைத்துக் கோடு இழுக்கிற லொக் ஒன்றும் இருந்தது. ரவி அதை ஒரு தரம் வேகமாக இழுத்துக் காட்டினானாம், அவ்வளவுதான்.

கோல் வந்தால் எடுக்கலாம். மற்றபடி ஒன்றும் முடியாது. டேட்டாவை ரவி அணைத்துவிட்டுப் போயிருந்தான், அதைப் போடவும் லொக்கைத் திறக்க வேண்டும். அவன் வேலைக்குப் போனதிலிருந்து முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை, வீடியோவில் பார்க்கத்தான் இந்தப் போனையே வாங்கினேன் என்று லெட்சுமி சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு கோடு இழுத்துப் பார்த்து, போன் இப்போது ஒவ்வொரு பிழைக்கும் நெடுநேரம் காக்க வைத்தது. உள்ளே இருப்பதை அழித்தால், வாங்கிய நாளில் கொடுத்த மெயிலைக் கேட்கும். அந்த மெயிலை யாரோ ஒரு கடைக்காரர் தன் இஷ்டத்துக்குத் திறந்து கொடுத்திருக்கிறார், இவருக்குத் தெரியாது. வலுக்கட்டாயமாக உடைத்தால் போன் செத்தாலும் சாகும். செத்தால் இவருக்கு மகன் முகம் இல்லை, எனக்கு மேசை இல்லை. "சரி, அந்த விரலையாவது கூட்டிக்கொண்டு வாங்களேன், அவன் கோட்டையும் இழுத்துக் காட்டட்டும்" என்றேன். "அந்த விரலு இப்ப கொழும்பு ஹோட்டல்ல கோப்பை கழுவுதுங்க, தீவாளிக்குத்தான் லீவு குடுப்பாங்களாம்."

பங்களாவும் லயமும்

எல்ல என்கிற ஊரில் தங்குமிடம் நடத்துகிற ஒருவர், மலிவாகக் கிடைத்தது என்று பழைய ஐபோன் ஒன்றை வாங்கி வந்தார். திறந்தால் முந்திய சொந்தக்காரரின் கணக்கைக் கேட்கிறது. "அக்கா, எது நல்லது, ஐபோனா அண்ட்ரொய்டா?" என்று ஆரம்பித்தார். கேட்காதவர்கள் யார்? நான் எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். அண்ட்ரொய்ட் லயத்து வீடு மாதிரி. தடுப்பு வைக்கலாம், அடுப்பை முன்னால் இழுக்கலாம், கூரை ஒழுகினால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபோன் தோட்டத்துத் துரையின் பங்களா. எல்லாம் நேர்த்தி, ஆனால் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

"அப்ப தொறந்து குடுங்க." பழைய சொந்தக்காரர் வந்து தன் கணக்கை எடுத்துவிட்டால் ஒரு நிமிட வேலை, இல்லாவிட்டால் என்னால் முடியாது, முடிந்தாலும் யாருடையது என்று தெரியாமல் தொடமாட்டேன் என்றேன். விற்றவரின் பேரைக் கேட்டேன். "பஸ்ல பார்த்த ஆளு" என்றார். நெட்டில் எல்லாம் காட்டுகிறார்களே என்று சண்டைக்கு வந்தார். நெட்டில் காட்டுகிறவரிடமே போங்கள் என்றேன். நானா கல்லாவிலிருந்து என்னை முறைத்தார். அந்த மனிதர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். "பங்களா வாங்கினவன வெளிய நிக்க வைக்கிறீங்களே அக்கா, இது நியாயமா?"

முகம் மாறிய போன்

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவருக்கு அண்ட்ரொய்டை ஐபோன் மாதிரித் தெரிய வைத்துக் கொடுத்தேன். மருமகனிடம் ஐபோன் இருக்கிறது, சம்பந்தி வீட்டில் தான் மட்டும் தாழ்ந்து போகக்கூடாது என்பது அவர் கவலை. படமெல்லாம் மாற்றினேன், மணிச் சத்தமும் மாற்றினேன். மறுநாளே வந்தார். மருமகனின் சார்ஜரை அதில் அழுத்தி அழுத்திச் சொருகி, துளையை நாசமாக்கியிருந்தார். என்னைத்தான் குற்றம் சொன்னார். "மூஞ்சிய மாத்தினீங்க, வாய மாத்தலையேம்மா!"

ஞாயிற்றுக்கிழமை கோல்

ரவி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குக் கோல் எடுப்பான். "எடுத்ததும் முதல் வேலையாக லொக்கைக் கேளுங்கள்" என்று லெட்சுமியிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை டவுனுக்கு வந்தபோது ஆவலாக ஓடிப்போய் என்ன சொன்னான் என்று கேட்டேன். நல்லா இருக்கானாம், கொஞ்சம் இருமலாம், ஹோட்டல் சோறு பிடிக்கவில்லையாம். லொக்? நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாப்பிட்டியான்னு கேக்கவே நேரம் போயிருச்சுங்க, இதையெல்லாம் எங்க கேக்குறது?"

ரயில் சுற்றுகிற பக்கம்

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு லெட்சுமியைக் கடையிலேயே பிடித்து உட்கார வைத்தேன். மத்தியானம் கோல் வந்தது. அவர் "சாப்பிட்டியா" என்று தொடங்கியதுமே போனை வாங்கி, கோடு இழுக்க அது கையில் வேண்டும் என்பதால் ரவியின் நம்பரை எழுதிக்கொண்டு, என் போனிலிருந்து அவனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "தம்பி, கோட்டை எங்கே தொடங்கி எங்கே இழுப்பீங்க?" அவன் திணறினான். "சொல்ல வரலங்கக்கா, போன் கையில இருந்தா விரல் தானாப் போகும். நம்ம ஸ்டேஷன்கிட்ட ரயில் சுத்துற மாதிரி இழுப்பேன்."

தெமோதரை ஸ்டேஷனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே தண்டவாளம் மலையை வட்டமாகச் சுற்றிக்கொண்டு வந்து அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழையும். எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் சுற்றுவது? கடையில் நின்றவர்களெல்லாம் ரயில்வேக்காரர்களாகிவிட்டார்கள். ஒருவர் இடம் என்றார், ஒருவர் வலம் என்றார். லெட்சுமி, ஸ்டேஷனில் தொடங்கி, சுற்றி இறங்கி, பதுளைக்கு வருகிற ரயில் மாதிரி இழுத்தார். பிழை. காத்திருந்தோம். நானா சொன்னபடி இடம் வலம் மாற்றி இழுத்தார். பிழை. மறுபடி காத்திருந்தோம். "போதும், உடைச்சுப் பாருங்க தங்கச்சி, இதுக்காக எத்தின நாள்?" என்றார் நானா. செத்தால் யார் மேசை போகும் என்று அவருக்குத் தெரியாதா? நான் கம்பியூட்டர் வயரை எடுக்கவில்லை. லெட்சுமி போனைத் தன் பக்கம் இழுத்து, அடியில் தொடங்கி, சுற்றி ஏறி, கொழும்புக்குப் போகிற ரயில் மாதிரி மெதுவாக இழுத்தார்.

திறந்தது. நான் டேட்டாவைப் போட்டு வீடியோவில் ரவியை எடுத்துக் கொடுத்தேன். கை துடைக்கிற துண்டோடு ஹோட்டல் பின்கட்டில் நின்றான், மெலிந்திருந்தான். லெட்சுமி "சாப்பிட்டியா" என்பதையும் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நானா என் பக்கம் திரும்பினார். "மேசை இங்கேயே ஈக்கட்டும் தங்கச்சி. இனி லொக் மறந்தவங்க வந்தா, உம்மாவக் கூட்டிக்கொண்டு வரச் செல்லுங்க." பேசி முடித்த பிறகு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று லெட்சுமியிடம் கேட்டேன். போனை மாராப்புக்குள் செருகிக்கொண்டே சொன்னார். "நான் அவன் வீட்டுக்கு வர்ற பக்கமே வரைஞ்சுக்கிட்டு இருந்தேங்க, அவன் சின்னதுல இருந்தே கொழும்புக்கு ரயில் போற பக்கம் பார்த்துத்தானே நிப்பான்."

ஐபோனோ அண்ட்ரொய்டோ, கம்பனிக்காரர்கள் பூட்டை மட்டும்தான் செய்து அனுப்புகிறார்கள், அதைப் போட்ட ஆளின் மனதைப் படிக்கிற வேலையை, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து, நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.