பெண்கள் அறையில் வாசிக்காத பாதி

என் அக்காவுக்கு வேதாகமம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அதில் இருக்கும் காதல் பாட்டு மட்டும் முப்பத்தொரு வயது வரை அவளுக்குப் பாதிதான் தெரியும் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் அந்தப் பாட்டு வந்தால் மட்டும் ஆண்களை ஒரு அறையிலும் பெண்களை இன்னொரு அறையிலும் உட்கார வைப்பார்கள். ஆண்களுக்கு, காதலன் காதலியை எழுந்து வரச் சொல்லி அழைக்கும் பகுதி. பெண்களுக்கு, மணப்பெண்ணைப் பூட்டிய தோட்டம் என்று சொல்லும் இடமும், காதலை அவசரப்பட்டு எழுப்பாதே என்ற எச்சரிக்கையும். எங்கள் புத்தகங்களில் மீதிப் பக்கங்களைப் பாஸ்டரம்மா கிளிப் போட்டு மூடிவிடுவார். கல்யாணத்துக்கு அப்புறம் படித்துக்கொள்ளலாமாம். வீட்டில் படித்தால் யாருக்குத் தெரியும் என்பீர்கள். அக்கா படிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. துணி தேய்க்கும் சூடான உருளையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். மூலைக்கு மூலை பொருந்தாமல் ஒன்றைக்கூடக் கீழே வைக்க மாட்டாள். அவசரப்படுத்தினால் காது கேட்காதவள் மாதிரி நிற்பாள்.

எங்கள் சபைக்காரர் ஒருவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். விரல் முழுக்க வெட்டுக்காயம், வாயில் வார்த்தை குறைவு. அவர் ஏழு வருஷத்தில் மூன்று முறை அக்காவிடம் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று நேராகவே கேட்டார். இன்னும் நேரம் வரவில்லை, ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று மூன்று முறையும் அவள் சொன்னாள். அவளுக்கோ அவர் மேல் உயிர். சபை வாசலில் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தவறிவிடும். ஆனால் அழைப்பது ஆணின் வேலை, பூட்டிக்கொண்டிருப்பது பெண்ணின் வேலை, நேரம் வந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பினாள். நேரம் என்ன பஸ்ஸா, வாசலில் வந்து ஹாரன் அடிக்க என்று நான் கத்தியிருக்கிறேன்.

போன வருஷம் பாஸ்டரம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அறைக்கு நீயே பாடம் எடு என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். பாடம் எடுப்பவர்கள் முழுதும் படிக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிளிப்பைக் கழற்றினாள். முதல் பேச்சே பெண்ணுடையது. அதிகம் பேசுவதும் அவள்தான். ஓரிடத்தில் காதலன் கதவைத் தட்டுகிறான். அவள் எழுந்திருக்காமல் சாக்குச் சொல்கிறாள். கடைசியில் திறந்தால் ஆளில்லை. உடனே தெருவில் இறங்கித் தேடிப் போகிறாள். அக்கா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இவ போறாளேடி," என்றாள் என்னிடம்.

வீட்டுச் செருப்போடு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடையில் அவர் ஒரு ஜன்னல் கண்ணாடியை அளந்துகொண்டிருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"எனக்குச் சம்மதம். முதல் நாள்லேருந்தே சம்மதம்தான்."

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். போன வாரம்தான் வேறொரு வீட்டில் வார்த்தை கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இவர் கேட்ட அன்றே அந்தப் பெண் சரி என்றாளாம்.

"நாலாவது தடவையும் கேட்டா தொந்தரவு பண்றேன்னு நெனச்சிடுவியோன்னுதான் விட்டுட்டேன்," என்றார்.

அந்தக் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட அக்கா தேறியிருப்பாள். வார்த்தையை மாற்றுங்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் மாற்றியிருக்க மாட்டார். பாழாய்ப்போன நல்லவர்கள் இரண்டு பேரும்.

மறுநாள் பெண்கள் அறையில் பதினோரு பேர் இருந்தோம். காதலில் முதிர்ச்சி என்றால் காத்திருப்பது மட்டுமில்லை, வாய் திறந்து சொல்லவும் தெரிய வேண்டும் என்று இன்றைக்காவது ஒருத்தி இவர்களுக்குச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அக்கா பூட்டிய தோட்டத்தை வாசித்தாள். காதலை எழுப்பாதே என்பதை வாசித்தாள். புத்தகத்தை மூடிவிட்டு ஜெபம் செய்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, பாட்டில் அந்தப் பெண் தேடிப் போகிற இடத்தை ஏன் விட்டாய் என்று சண்டைக்குப் போனேன். அவள் நடையை நிறுத்தவில்லை.

"போய்ப் பாத்தவ சொல்றேன்டி. அங்க யாரும் இல்ல."