லாண்டரியக்காவின் முதலாளி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் லாண்டரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் புருஷனை முதலாளி என்பார்கள். முதலாளிக்கு வாஷிங் மெஷினின் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது. கடை வாசலில் நாற்காலி போட்டு, செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பார். உள்ளே அவள் இஸ்திரிப் பெட்டியோடு வெந்துகொண்டிருப்பாள்.

அந்தப் பட்டத்தை அவருக்குக் கட்டிவிட்டவளே அவள்தான். பெண்பிள்ளை தனியாகக் கடை நடத்துகிறாள் என்று தெரிந்தால் ஆளாளுக்குத் தலையில் மிளகாய் அரைப்பார்கள். அதனால் யாராவது கூலியைக் குறைக்கச் சொன்னால், "நான் என்ன பண்றது? அவர்தான் முதலாளி, அவர் ஒத்துக்க மாட்டார்" என்று கையை விரிப்பாள். வாசலில் பெரிய மீசையோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததால் அது நன்றாகவே பலித்தது. இருபது வருடமாக அந்தப் பொய்தான் கடைக்குக் காவல்.

ஒருநாள் பெரிய லாட்ஜ் ஒன்றின் மேனேஜர் வந்தார். லாட்ஜின் பெட்ஷீட், தலையணை உறை எல்லாவற்றையும் இவளிடமே தருவதாகச் சொன்னார். ஆனால் பில்லில் வரி எண் இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் வேறு கடையைப் பார்த்துக்கொள்வாராம்.

அவள் தன் பெயரில் விண்ணப்பம் போட்டாள். காரணம் இருந்தது. முன்பு ஒரு சிநேகிதனின் கடனுக்கு முதலாளி ஜாமீன் கையெழுத்துப் போட, அவன் கம்பி நீட்டிவிட்டான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் வாங்கிய மெஷினைக் கடன்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார் இந்தப் புண்ணியவான். கடை தன் பெயரில் பதிவாகிவிட்டால் இனி அந்தக் கையெழுத்தால் இதையும் தொலைக்க முடியாது என்று அவள் நினைத்தாள். அவரிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்று பக்கத்தைப் புரட்டினார்.

வரி அலுவலகத்திலிருந்து அதிகாரி கடையைப் பார்க்க வந்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு உள்ளே நுழைந்தபோது அவர் முகம் சரியில்லை.

"ஏம்மா, மருந்துக் கடைக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் முதலாளின்னு வாசல்ல இருக்கறவரைக் காட்டுறாங்க. நீங்க உங்க பேரை எழுதியிருக்கீங்க?"

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றது சார். கடை என்னோடதுதான்."

"வரி ஏய்க்கிறதுக்குப் பொண்டாட்டி பேர்ல எழுதுறவங்களை நான் தினம் பாக்கறேன். பினாமின்னு எழுதிட்டா விண்ணப்பம் தள்ளுபடி. அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து அலையணும்."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். சலவைச் சோடாவில் வெளுத்துத் தோலுரிந்த கை. காட்டி என்ன பயன்? உழைக்கிற கை முதலாளியின் கையாக இருக்காது என்பதுதான் ஊர் அறிந்த விஷயமாயிற்றே.

அதிகாரி வாசல் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. கடை யாரோடது?"

அவளுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. முதலாளி செய்தித்தாளை மடித்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"நம்ம கடைதான் சார். அவளுக்கு என்ன தெரியும், ஏதோ தப்பா எழுதிட்டா."

பொய் சொல்கிறார் என்று திட்டவும் அவளுக்கு வழியில்லை. அந்த மனுஷன் முகத்தில் பொய்யே இல்லை. ஊர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு உண்மையாகவே நம்பிவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது அவள்தான், யாரை நோவது?

"அப்போ அவர் பேருக்கே மாத்திடறேன். ரெண்டு பேரும் சம்மதம்னா இந்த வாரமே நம்பர் வந்துடும்" என்றார் அதிகாரி.

லாட்ஜ் காத்திருக்காது. அவள் தலையை ஆட்டினாள்.

அதிகாரி பெயரை அடித்து எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "வேலைக்கு எத்தனை பேர் இருக்காங்க?"

முதலாளி கடைக்குள் ஒருமுறை பார்த்தார்.

"ஒருத்தி சார்."

"சம்பளம்?"

"சம்பளமெல்லாம் இல்ல சார். வீட்டு ஆள்தானே, சாப்பாடு போட்டுடறோம்."