கடல்நாய் பார்த்ததாக நான் சொன்ன பொய்

கமுதிப் பக்கத்து அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். கொலைத் திமிங்கலம் எப்படிக் கூட்டமாக வேட்டையாடும், கடல்நாய் எப்படிப் பனிப்பாறையில் ஏறிப் படுக்கும் என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துவேன். ஆனால் மிளகாய்க் காட்டில் வளர்ந்த எனக்குக் கடல் என்றாலே பயம். ஊருணியில்கூட இடுப்புக்கு மேல் இறங்கியதில்லை.

வருடா வருடம் பிள்ளைகளை ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போவோம். பாம்பனில் படகுச் சவாரி உண்டு. கடற்கரைக்காரர்களுக்குப் படகு சாமி மாதிரி. செருப்போடு ஏற விடமாட்டார்கள். மணலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டுமே! "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மற்ற வாத்தியார்களிடம் முந்திக்கொண்டு சொல்வேன். என்ன பெருந்தன்மை என்று பாராட்டினார்கள்.

வீடு திரும்பியதும் என் மனைவி ஆவலோடு கேட்பாள். செருப்புக்குக் காவல் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஓங்கல் என்று கடற்கரைக்காரர்கள் சொல்லும் டால்பின் கூட்டம் படகைத் தாண்டிக் குதித்தது என்பேன். ஒரு வருடம் சரக்குத் தீர்ந்துபோய், தீவு மணலில் கடல்நாய்கள் வெயில் காய்ந்தன என்றும் சொல்லிவிட்டேன். "என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்களேன்" என்பாள். வாத்தியார்களின் வீட்டு ஆட்களைப் படகில் ஏற்ற மாட்டார்கள் என்று அதற்கும் ஒரு பொய். இப்படியே அவளுக்கு அறுபத்தாறு வயதாகிவிட்டது. கதை அளந்தது போகட்டும். என் பயத்துக்காக அவள் ஆசையைத் தள்ளிப்போட்டேனே, அதுதான் உறுத்துகிறது.

போன மாசியில் எங்கள் மகள் வெளியூரிலிருந்தே எங்கள் இரண்டு பேருக்கும் படகில் இடம் பதிந்துவிட்டாள். தப்ப வழியில்லை. கரையில் படகுக்காரர் செருப்பைக் கழற்றச் சொன்னதும் என் வாய் தானாகத் திறந்தது.

"நான் வேணா இங்கன இருந்து செருப்பை…"

"களவு போனா வெறுங்காலோட வீட்டுக்குப் போவோம். ஏறுங்க முதல்ல!" என்றாள் என் மனைவி.

ஏறினேன். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இன்னொரு முறை இறுக்கினேன். கரை தள்ளிப் போனதும் அவள் பெருமையாகப் படகுக்காரரிடம் பேச ஆரம்பித்தாள்.

"இவுகளுக்குக் கடலு அத்துப்படி. வருசா வருசம் வருவாக. ஏந் தம்பி, கடல்நாயி எந்தத் தீவுல படுத்திருக்கும்?"

"கடல்நாயா? அதெல்லாம் பனி பெய்யிற தேசத்துலம்மா. இங்கன தெருநாய்தான் கரையில படுத்துக் கிடக்கும்."

படகே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் படகுல ஏறுறதே இன்னைக்குத்தான்" என்றேன். "கரையில செருப்புக்குக் காவல் இருந்தேன். பயம்."

"வீட்டாளுகளை ஏத்த மாட்டாகன்னு சொன்னது?"

"அதுவும் பொய்தான்."

அவள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இனி வீடு வரைக்கும் பேச மாட்டாள் என்று நினைத்தேன். படகு ஆடியது. உட்கார்ந்திருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

இன்ஜின் சத்தம் நின்றது. "அந்தா, ஓங்கல்!" என்றார் படகுக்காரர். புஸ்ஸென்று யாரோ மூச்சு விடுவது போலப் பக்கத்திலேயே ஒரு சத்தம். என் தோளில் ஒரு கை விழுந்து உலுக்கியது.

"ஏங்க, கண்ணைத் தொறங்க! இப்பவும் பாக்காம வீட்டுல வந்து கதை விடலாம்னு இருக்கீகளா?"

திறந்தேன். சாம்பல் நிறத்தில் நாலு முதுகுகள் வழுவழுவென்று எழுந்து உருண்டு தண்ணீருக்குள் போயின. எதுவும் குதிக்கவில்லை. அவள் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினாள். நானும் தட்டினேன், அதற்காகப் பலகையை விட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டம்மா விசாரிக்க வந்தார். "ஓங்கல் ஒவ்வொண்ணும் ஓட்டு வீட்டு உசரத்துக்குக் குதிச்சுச்சு" என்றாள் என் மனைவி, கூசாமல்.

"கடல்நாயும் இருந்துச்சா?"

"அதை இவுகளைக் கேளுங்க. செருப்புல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லுவாக."

சொன்னேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் சொல்ல வைக்கிறாள். உங்களிடம் மட்டும்தான் அவள் கேட்காமலே சொல்கிறேன்.