பாதித் தலைக்கு எண்ணெய்

இங்கே மெல்போர்னில் சில நாள் காலையில் என் காதைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடுவேன். மகள் லில்லி அடுக்களையிலிருந்து கையைக் காட்டுவாள். ஃப்ரிட்ஜ் கதவில், கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பால் எடுக்கப் போகும்போது நான்தான் அதைக் கையில் வைத்திருந்திருப்பேன். கதவைக் கண்டதும் அதிலுள்ள காந்தம் தாவிவிடும். காது என்று நான் சொல்வது காக்ளியர் இம்ப்ளான்ட்டின் வெளிப்பாகத்தை. ஆபரேஷன் செய்து ஒரு பாகத்தை வலது காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். வெளியே காதில் மாட்ட ஒரு மெஷின், அதிலிருந்து ஒயரில் தொங்கும் காசு மாதிரி ஒரு வட்டம். வட்டத்தைத் தலையில் வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும், உலகம் கேட்கத் தொடங்கும். எடுத்துவிட்டால் மெல்போர்னும் அமைதி, மருமகனும் அமைதி.

எங்கள் ஊர் ஆரல்வாய்மொழியில் காற்று அடிக்கிற அடிக்கு எல்லாருமே கத்தித்தான் பேசுவோம். அதனால் எனக்குக் காது கேட்கவில்லை என்பது ஊருக்குத் தெரியவே ரொம்ப நாள் ஆனது. யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவேன். திரும்பக் கேட்க வெட்கம். அப்படித் தலையாட்டியே ஒரு தடவை சபைப் பெண்கள் சங்கத்துக்குப் பொருளாளர் ஆகிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த வருஷம் முழுக்கத் தூக்கம் இல்லை.

மெல்போர்னுக்கும் அந்தத் தலையாட்டலைக் கொண்டுவந்தேன். காதுப் பரிசோதனையில், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஆடியாலஜிஸ்ட் சூசன் நல்ல பெண். அவள் மனம் நோகக் கூடாதே என்று, அவள் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அமுக்கினேன். அவள் போடாத சத்தமெல்லாம் எனக்குக் கேட்கிறது என்று தெரிந்தபோது மகளைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். லில்லி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

ஆபரேஷனுக்கு முன்னால், ஏற்கெனவே இதைச் செய்துகொண்டவர்கள் கூடும் ஒரு குழுவுக்கு அனுப்பினார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கையைத் தூக்கிப் பேசி முடித்த பிறகே அடுத்தவர் பேசுவார். எங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். ஆனால் எனக்கு வேண்டிய தகவலெல்லாம் அங்கேதான் கிடைத்தது. ஒரு கிரேக்கத்துப் பாட்டி தன் வட்டத்தைக் கழற்றி என் கையில் வைத்து, முதலில் எல்லார் குரலும் வாத்துக் குரலாக இருக்கும், பயப்படாதே என்று வாத்து மாதிரியே கத்திக் காட்டினாள். டாக்டர் சொன்னதைவிட அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

போன வருஷம் ஊருக்குப் போனேன். என் அக்கா ரூத்துக்குக் காதைப் பற்றி அக்கறையில்லை. தலையைத்தான் பார்த்தாள்.

“ஏட்டி, முடி தேங்கா நாரு மாதிரி கெடக்கே. ஆஸ்திரேலியாவுல தேங்கா காய்க்காதோ?”

தலையணையில் கறை பிடிக்கிறது என்று லில்லி என்னை எண்ணெய் வைக்க விடுவதில்லை. அக்கா அந்தக் குறையையெல்லாம் ஒரே காலையில் தீர்த்தாள். செக்கு எண்ணெய் உச்சியிலிருந்து காதோரமாக வழிந்தது. அதன் மேலேயே மெஷினை மாட்டிக்கொண்டேன்.

அன்று பக்கத்து வீட்டு ஷைனி வருவதாக இருந்தது. அவள் மகள் ஜெபாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, இரண்டு வயது. இம்ப்ளான்ட் வைக்கலாம், சின்ன வயசிலேயே வைத்தால்தான் பேச்சு நன்றாக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஷைனியின் மாமியார், அண்ணி முறையில் நான் மைனி என்று கூப்பிடும் செல்லம்மாவுக்கு, இஷ்டமில்லை. அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லாரும் நாலு வயசுக்கு மேல்தான் பேசினார்களாம். ஷைனி போனில் பார்த்த வீடியோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சொல்லிற்று. மறுநாள் ஆஸ்பத்திரியில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன் இதை வைத்துக்கொண்ட ஓர் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்காகக் காத்திருந்தாள்.

அவர்கள் வந்து உட்கார்ந்தபோது என் காது மந்தமாகிவிட்டது. பேச்சிப்பாறை அணைக்குள் முங்கிக் கிடந்து கேட்பதுபோல் இருந்தது. மைனி ஏதோ கேட்டாள். சிரித்துத் தலையாட்டினேன். இன்னும் ஏதோ கேட்டாள். இன்னும் நன்றாக ஆட்டினேன். ஷைனியின் முகம் வாடிப்போயிற்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு அக்கா என் இடது காதில் வாயை வைத்துக் கத்தினாள். அந்தக் காதில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது.

“‘ஆப்பரேசன் செஞ்சும் ஒண்ணும் கேக்கலியா’ன்னு செல்லம்மா கேட்டா, ஆட்டின. ‘அப்போ வீண் வேலதானே’ன்னா, அதுக்கும் ஆட்டின! நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாண்டாம்னு சொல்லிட்டுப் போறா!”

மெல்போர்னில் இருந்த லில்லியைப் போனில் கூப்பிட்டோம். அவள் வீடியோவில் சூசனையும் சேர்த்தாள். பேட்டரியை மாற்றினோம், பலனில்லை. மெஷினைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னாள் சூசன். அது குத்துவிளக்கு மாதிரி மின்னியது. சமையல் சட்டியில் விழுந்ததா என்று அவள் கேட்க, லில்லி அதைத் தமிழில் எழுதி அனுப்ப, அக்கா பெருமையோடு எண்ணெய்க் குப்பியைக் கேமராவில் காட்டினாள். காயத்துக்கு மருந்து போல என்று நினைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள் சூசன்.

“வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த வெள்ளக்காரப் பிள்ளைக்கு வேணும்னா ஒரு குப்பி குடுத்துவிடுகேன்னு சொல்லு,” என்று என் இடது காதுக்கே கேட்கும்படி லில்லியிடம் கத்தினாள் அக்கா.

மைக் ஓட்டையை எண்ணெய் அடைத்திருந்தது. துடைத்து, பெட்டியில் இருந்த புது மைக் மூடியை மாட்டினேன். முதலில் கேட்டது அக்காவின் குரல்.

“எளவு, ஒரு சொட்டு எண்ண தாங்காத இதெல்லாம் ஒரு காதா!”

கூப்பிடாமல் யார் வீட்டுப் படியும் ஏறாதவள் நான். அன்று சாயங்காலம் தலைக்குக் குளித்து, முடி காய்ந்ததும் ஷைனி வீட்டுக்குப் போனேன். காலையில் எனக்கு எதுவுமே கேட்கவில்லை, எண்ணெய்தான் காரணம் என்றேன். மைனி நம்பவில்லை. ஷைனி என் கையைப் பிடித்தாள்.

“சித்தி, இப்பவாவது தலைய ஆட்டாம வாயால சொல்லுங்க.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து என்ன வேண்டுமானாலும் பேசச் சொன்னேன். மைனி மருமகளிடம் ஏதோ மெல்லச் சொன்னாள். திரும்பாமலே அதைத் திருப்பிச் சொன்னேன்.

“‘இந்தக் கெழவி இனி கேட்டு என்னத்த கிழிக்கப் போறா’வா? மைனி, எனக்கும் ஒங்களுக்கும் ஒரே வயசுதான்.”

ஷைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மைனி, “சத்தமாத்தான் சொன்னேன்,” என்றாள். அதன்பின் நான் என் ஆயுசில் பேசாத அளவு பேசினேன். வாத்துக் குரலைச் சொன்னேன். ஆபரேஷன் முடிந்த உடனே கேட்டுவிடாது, மாசக்கணக்காகத் தினமும் பழக வேண்டும், பிள்ளைக்கு இன்னும் அதிகம் பழக்க வேண்டும் என்றேன். அந்தக் கிரேக்கத்துப் பாட்டி எனக்குச் செய்ததுபோல வட்டத்தைக் கழற்றி ஜெபாவின் கையில் வைத்தேன். அவள் அதை நேராகக் கொண்டுபோய் இரும்பு அலமாரியில் ஒட்டினாள்.

மறுநாள் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மைனியும் கூடப் போனாள், டாக்டரிடம் எண்ணெய் விஷயம் கேட்க.

இப்போது ஜெபாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. பேச்சு இன்னும் வரவில்லை. டம்ளர் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறாள். அதைக் காட்ட மைனி வீடியோவில் டம்ளரைப் போட்டுப் போட்டு நெளித்து வைத்திருக்கிறாள்.

நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். அக்கா கொடுத்துவிட்ட எண்ணெயை நடு வகிட்டுக்கு இடது பக்கம் மட்டும் வைக்கிறேன். வலது பக்கம் மெஷினுக்கு, காய்ந்தே இருக்கும். டிராம் நிறுத்தத்தில் காற்று அடிக்கும்போது வலப்பக்கத்து முடி மெல்போர்ன் காற்றோடு பறக்கிறது. இடப்பக்கத்து முடி ஒட்டிப் படிந்து, அந்த மந்தக் காதோடு, அசையாமல் கிடக்கிறது. அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் என் தலையைக் காட்டி, ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். நன்றாகக் கேட்டது. ஆனாலும் சிரித்துத் தலையைத்தான் ஆட்டினேன்.