எதிர்க்கடை அக்காவின் எழுத்து

களுவாஞ்சிக்குடியில் என் பயிர் மருந்துக் கடையின் மேல்தட்டில் ஒரு வெறும் போத்தல் இருக்கிறது. அதில் சோற்றுப் பசையால் ஒட்டிய கடதாசித் துண்டில், ‘ஒரு தாங்கித் தண்ணீருக்கு அரை மூடி’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எழுத்து எதிர்க்கடை அக்காவுடையது. அதை எறியவும் மனமில்லை, பார்க்கவும் பிடிப்பதில்லை.

சண்டைக் காலத்தில் எத்தனையோ சோதனைச் சாவடி தாண்டி எங்களுக்கு வந்த போத்தல்களில் சிங்களமும் இங்கிலீசும்தான் இருந்தன. என் இங்கிலீசு கடைப் பெயர்ப்பலகையோடு முடிந்துவிடும்; சிங்களம் அதுவும் இல்லை. அக்கா மலைநாட்டில் வாழ்ந்து, கலவரத்தோடு ஊர் திரும்பியவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவர் விற்றது அரிசியும் சவர்க்காரமும்தான். ஆனாலும் என்னிடம் மருந்து வாங்கிய சனம் நேரே றோட்டைக் கடந்து, அவரிடம் நீட்டி வாசிக்கச் சொல்லும். வாங்குவது என்னிடம், நம்புவது அவரை. அவர் சும்மாவே எழுதி ஒட்டிக் கொடுக்கக் கொடுக்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த எரிச்சலில்தான், பழுகாமத்து மாமி புல்லுக்கு அடிக்க மருந்து வாங்க வந்த அன்று, “அங்க ஏன் மாமி போறீங்க? போன முறை மாதிரி ரெண்டு மூடிதான்” என்று நானே சொல்லி அனுப்பினேன். இது புது மருந்து, கடுமையானது என்று எனக்குத் தெரியாது. மாமிக்கு ஊர் வயல்வெளியான வட்டையில் இருந்ததே ஒரு துண்டு வயல். இளம்பயிர் முழுக்கக் கருகிப்போனது.

மாமி முறைப்பாடு செய்ய, அதிகாரி ஒருவர் வந்தார். சனத்துக்கு விளங்கும் மொழியில் விளக்கம் இல்லாத பொருளை ஏன் விற்றாய் என்று அவர் கேட்டது சிங்களத்தில்! கடை அனுமதியை நிறுத்த அவரால் முடியும். அவர் கேட்டதை எனக்கும் என் நியாயத்தை அவருக்கும் சொல்ல அக்காவை விட்டால் ஆளில்லை. “தெரியாம நடந்துட்டுது” என்று நான் ஒரு வரி சொன்னேன். அக்கா பத்து வரி பேசினார். அதிகாரி தலையாட்டி, எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அக்கா கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்: “மாமிக்கு மறுகா விதைக்க விதைநெல் குடுப்பன் எண்டு நீங்க சொன்னதாச் சொல்லிப்போட்டன் தம்பி. குடுத்திருங்க.” முறைப்பாட்டுக்கு மாமி கொண்டுவந்த வெறும் போத்தலில் ‘அரை மூடி’ என்ற அந்தத் துண்டையும் எழுதி ஒட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். விதைநெல்லைக் கொடுத்தேன். ஊர் என்னை மெச்சியது. எனக்குத் தெரியாத மொழியில் என்னை நல்லவனாக்கிவிட்டாரே என்ற பொறாமை, பழைய பொறாமையைவிடப் பொல்லாதது.

இப்போது போத்தல்களில் மூன்று மொழியும் இருக்கிறது, தமிழ் எறும்பு அளவில். கண்ணாடி போட்டு வாசித்து, நானும் துண்டில் பெரிதாக எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன். அக்கா கனடா போய்ப் பல வருடம். போன கிழமை மாமியின் மகள் வந்தாள்.

“அண்டைக்கு ஆரும் கேளாமலே நீங்களாத்தான் விதைநெல் தந்தீங்களாம். அம்மா சாகுமட்டும் சொல்லுவா” என்றாள்.

“ஓம் மகள்” என்றேன். போத்தல் தலைக்கு மேலே இருந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.